நான்காவது ஆணிக்கு ஒரு படம்

என் மாமியார் வீட்டில் தறி போட்டிருந்த கூடத்தின் சுவரில், மாமனார் நான்கு ஆணிகள் அடித்து வைத்திருந்தார். நான்கும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி தள்ளி இருந்தன. ஒருமுறை யாரும் இல்லாதபோது டேப் வைத்து அளந்து பார்த்தேன். கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. அவருக்கு நான்கு பெண்கள். மூத்தவளின் சீமந்தப் படத்தை மாட்டிய அன்றே மற்ற மூவருக்கும் சேர்த்து ஆணி அடித்துவிட்டாராம்.

சீமந்தப் படம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே மாதிரிதான். பெண்ணின் பின்னலில் வாழைமட்டையை வைத்து மல்லிகை மொட்டுகளைத் தைத்திருப்பார்கள். அந்தப் பூ ஜடை முழுவதும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அவள் நம்மைப் பார்க்க, ஜடை கண்ணாடியில் தெரிய எடுப்பார்கள். முதல் மூன்று ஆணிகளில் மூன்று அக்காக்களும் அப்படித்தான் இருந்தார்கள். மூன்றும் ஆரணி பஜாரில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். நான்காவது ஆணியில் பட்டுக் கடைக் காலண்டர் தொங்கியது.

நான்காவது பெண் என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் அந்தக் காலண்டர் அங்கேயே இருந்தது. வருடா வருடம் மாறியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் மூன்று படங்களைப் பார்த்துவிட்டுக் காலண்டரில் தேதி பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார்கள். என் மனைவி அந்த நேரங்களில் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், அவளுக்கு ஐந்து மாதம் முடிந்த வாரத்தில், முதலில் கேட்டது அதைத்தான்.

"மூணும் கருப்பு வெள்ளையில இருக்குது. என்னுது மட்டும் கலர்ல இருந்தா வேற வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்குங்க."

ஸ்டூடியோவில் விசாரித்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும்தான் கருப்பு வெள்ளை, விசேஷமெல்லாம் இப்போது கலர் என்றார்கள். பிறகு நானே எடுப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் அவள். நான் தலையாட்டினேன்.

அப்போது நான் கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பொடிகளை நிறுப்பதும் கரைப்பதும் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுவதும் எனக்குப் பிடித்த வேலைகள். ஒரு பழைய கேமராவை வாங்கியதே படம் எடுக்கும் ஆசையைவிட, ஃபிலிமை நானே கழுவலாம் என்ற ஆசையால்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் சொந்தமாக ஒரு சின்னத் தராசு, ஒரு தெர்மாமீட்டர், ஃபிலிம் கழுவும் மருந்தான டெவலப்பரை ஊற்ற மூடிபோட்ட டேங்க் ஒன்று வைத்திருந்தேன். குளியலறைதான் இருட்டறை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி: இடம், மணி, வெளிச்சம் எப்படி, ஷட்டர் எவ்வளவு, லென்ஸ் துவாரம் எவ்வளவு. என் மனைவி அதற்கு 'பட ஜாதகம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

சீமந்தம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது. பின்கட்டில் இரண்டு அறைகள், முன்னால் ஒரு முற்றம். முற்றத்தில் மனை போட்டு அவளை உட்காரவைத்து, என் அக்காவும் அவளுடைய அக்காக்கள் மூவரும் இன்னும் சில சுமங்கலிகளும் வளையல் அடுக்கினார்கள். தை மாத வெயில் நேராக மனைமேல் விழுந்தது. எல்லோரும் பட்டில் இருந்ததால் ஜரிகை கண்ணைக் குத்தியது. நான் இருபத்து மூன்று படங்கள் எடுத்தேன். இருபத்து நான்காவதை நான் எடுக்கவில்லை. இரண்டாவது அக்கா கேமராவைப் பிடுங்கி, என்னை என் மனைவி பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்.

அந்த இருபத்து நான்கில் ஒன்றில்கூட என் மாமியார் இல்லை. மாமனார் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அதனால் மாமியார் வளையல் அடுக்க வரவில்லை, முற்றத்துக்கே வரவில்லை. காலையிலிருந்து சமையற்கட்டில் புளிசாதமும் தேங்காய்சாதமும் கிளறிக்கொண்டிருந்தார். வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முற்றத்தில் வேலை முடிந்ததும் ஜடைப் படத்துக்காக அவளை உள் அறைக்கு அழைத்துப்போனேன். எங்கள் பீரோவின் கதவில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. அந்தக் கதவைப் பாதி திறந்து, அதற்கு முதுகு காட்டி அவளை நிறுத்தினேன். முற்றத்து வாசல் அவளுக்குப் பின்பக்கமாக, ஒரு ஓரத்தில் இருந்தது. வாசல் வெளிச்சம் ஜடைமேல் விழுந்து, அது கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்குள் தெரியும் ஜடைக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும் என்றால், கண்ணாடி வரை உள்ள தூரத்தோடு அங்கிருந்து ஜடை வரை உள்ள தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதையும் டேப் வைத்து அளந்து செய்தேன். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் ஊசி நடுவில் வந்து ஒழுங்காக நின்றது. எனக்கு ரொம்பத் திருப்தி. அதற்குள் பந்தியில் இலை போட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அறை காலியாயிற்று. நிதானமாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். முப்பத்தாறு முடிந்து சுருள் நின்றது.

அன்று மாலையே அவளைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். நான்கு தெரு தள்ளித்தான். ஆனாலும் குழந்தை பிறக்கும் வரை அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை துண்டுக் காகிதத்தில் குறித்தவற்றை மையால் எழுதினேன். இருபத்தைந்து முதல் முப்பத்தாறு வரை: உள் அறை, பகல் பன்னிரண்டரை, ஷட்டர் அறுபதில் ஒன்று, துவாரம் நான்கு. எழுதிவிட்டு என்ன காரணத்தாலோ முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். மூன்று வாரத்துக்கு முன் அதே அறையில், அதே நேரத்தில், அவள் துணி மடித்துக்கொண்டிருந்ததை எடுத்திருக்கிறேன். முப்பதில் ஒன்று, துவாரம் இரண்டு புள்ளி எட்டு. பீரோ அன்று மூடியிருந்தது. அந்தப் படம் நன்றாக வந்திருந்தது.

ஷட்டர் திறந்திருந்த நேரம் பாதி; எண் கூடினால் துவாரம் சுருங்கும் என்பதால் அதிலும் பாதி. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நான் கொடுத்த வெளிச்சம் அதில் கால் பங்கு.

இரண்டு முறை சரிபார்த்தேன். சந்தேகமில்லை. மீட்டர் என் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த வாசலைப் பார்த்திருக்கிறது. அறை நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று அது சொன்னதை நான் அப்படியே நம்பியிருக்கிறேன். மற்ற வீட்டுப் படங்களில் ஜரிகை மீட்டரை ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும், அதற்கு ஒரு படி கூட்டியே வைப்பேன். என் வீட்டுக் கண்ணாடி ஏமாற்றும் என்பது தோன்றவே இல்லை.

ஜடையின் பூக்கள் வாடி, அதைப் பிரித்து, பூவைக் கிணற்றில் போட்டாகிவிட்டது. இன்னொரு முறை சீமந்தம் செய்ய முடியாது. மதியம் சாப்பிடாமல் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நான் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"அப்போ என் மூஞ்சி?"

இருட்டாக வரும் என்றேன்.

"ஜடை?"

ஜடை நன்றாக வரும் என்றேன். அதன்மேல் வாசல் வெளிச்சம் விழுந்ததால் அது தப்பித்தது, முகம்தான் போயிற்று.

அவள் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, கழுவும்போது ஏதாவது செய்து கூட்ட முடியாதா என்று கேட்டாள். ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடிப்போனால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ கூடினால்கூடச் சமாளித்து ஒரு படம் கொடுத்துவிடும், குறைந்துபோனால்தான் பொறுக்காது, நிழலில் விழாத வெளிச்சத்தை எந்த மருந்தாலும் பிறகு கொண்டுவந்து சேர்க்க முடியாது என்று விளக்கினேன்.

"சாம்பாருக்கு நேர்மாறா இருக்குது. உப்பு கொறைஞ்சா போட்டுக்கலாம், கூடிப்போனாத்தான் பேஜாரு."

அந்த விஷயத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் முழுக்கக் கைவிடவும் வேண்டாம் என்றேன். முகத்தில் கால் பங்காவது வெளிச்சம் விழுந்திருக்கிறது. டெவலப்பரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதிகம் குலுக்காமல் நெடுநேரம் வைத்தால், பூக்களின் மேல் இருக்கும் மருந்து சீக்கிரம் களைத்துப்போய் நின்றுவிடும்; இருட்டான இடத்தில் இருப்பது மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். கொஞ்சம் தேறலாம். சிக்கல் வேறு. அதே சுருளில் முதல் இருபத்து நான்கு படங்கள் கொளுத்தும் வெயிலில் எடுத்தவை. அவற்றுக்குக் குறைந்த நேரம்தான் தர வேண்டும். நெடுநேரம் வைத்தால் அக்காக்களின் பட்டும் ஜரிகையும் வெந்து, வெள்ளைத் திட்டாகிவிடும். சுருள் ஒன்று, டேங்க் ஒன்று, நேரம் ஒன்று.

"வெட்டிடுங்க," என்றாள்.

இருட்டில் எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டேன். விளக்கு போட்டால் ஃபிலிம் போய்விடும். சிவப்பு விளக்குகூட ஆகாது.

"எண்ணி வெட்டுங்க. பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்குமில்ல, ஒரு படத்துக்கு எத்தினி ஓட்டை?"

"எட்டு."

அவள் வீட்டில் புதுப் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் நூல், தறிக்கு ஏறும்போது, பழைய பாவின் ஒவ்வொரு நூல் முனையோடும் புதியதன் முனையை வைத்து முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். தலைமுடியைவிட மெல்லியவை. பெண்கள் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருடம் அவள் அந்த வேலை செய்தவள். என் சட்டைப் பையிலிருந்த வீணான ஃபிலிம் துண்டு ஒன்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓரத்துத் துளைகளின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓடவிட்டாள். துண்டின் கடைசிக்கு வந்ததும், "நாப்பத்தி மூணு," என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று.

"இவ்ளோ பெரிய ஓட்டையா இருக்குது. இதப் போயி எண்ண முடியாதுன்றீங்க."

அடுத்த ஞாயிறு வரை எனக்கு வேலை இருந்தது. வீணான ஒரு முழுச் சுருளைக் கேமராவில் போட்டு, அதேபோல் சுற்றி, எண் இருபத்து நான்குக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வந்ததும் பின்கதவைத் திறந்து பேனாவால் கோடு போட்டேன். சுருளின் முனையில் நாக்கு மாதிரி ஒரு பகுதி அகலம் குறைவாக இருக்கும். முழு அகலம் தொடங்கும் இடம் விரலுக்கே தெரியும். அங்கிருந்து கோடு வரை எண்ணினேன். இருநூற்றுப் பத்தொன்பது துளைகள். மூன்று முறை எண்ணி, மூன்று முறையும் அதே எண்ணிக்கை வந்த பிறகு நோட்டில் எழுதினேன்.

மாமியார் வீட்டில் பட்டு நூல் வைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, கதவு இடுக்குகளில் ஜமுக்காளத்தையும் கோணியையும் அடைத்து அதை இருட்டறையாக்கினேன். மருந்து பாட்டில் எதையும் அங்கே கொண்டுவரவில்லை. அவள் இருக்கும் இடத்தில் அவற்றைத் திறக்கமாட்டேன் என்று மாமியாரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஏழு மாதக்காரியை இருட்டில் உட்காரவைக்கிற கதையை எங்கேயும் கேட்டதில்லை என்றார். ஆனால் எதற்காக என்று தெரிந்ததும், யாரும் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே என் கை எனக்கே தெரியவில்லை. சுருளின் டப்பாவை உடைத்து அவளிடம் கொடுத்தேன். நாக்கு முடிந்து முழு அகலம் தொடங்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். அதன் பிறகு வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. எட்டு துளைகள் முடிந்ததும் ஒரு வளையலை முழங்கைப் பக்கம் தள்ளினாள். மறுபடி எட்டு, மறுபடி ஒரு வளையல். இருநூற்றுப் பத்தொன்பது என்பது இருபத்தேழு எட்டும் மூன்றும். அதை அவள் மனத்துக்குள்ளேயே வகுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பாதியில் வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது. பெண் எங்கே என்று கேட்டார்.

"உள்ள இருக்கா," என்றார் மாமியார்.

"மாப்ள செருப்பும் வெளிய கெடக்குது."

"அவரும் உள்ளதான் இருக்காரு."

"கதவ மூடிகினா? நல்லாத்தான் இருக்குது. சீமந்தம் முடிஞ்சி இன்னும் பத்து நாள் ஆவல."

மாமியார் அரிசி புடைப்பதை நிறுத்தினார். இருட்டில் என் மனைவி சத்தம் வராமல் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்குவது என் தோளில் உரசித் தெரிந்தது. எண்ணிக்கை போச்சு என்று நினைத்தேன். சிரிக்காதே என்று மெல்லச் சொன்னேன்.

"நா சிரிச்சா இன்னா, வளையலு சிரிக்குதா?" என்றாள். நகம் துளையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. தள்ளிவைத்த வளையல்களைத் தொட்டு எண்ணிவிட்டு, பதினாறு என்று சொல்லி மேலே போனாள்.

கடைசியில், "இங்க," என்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். நான் கத்தரிக்கோலால் வெட்டினேன். முதல் பாதியை டேங்கில் சுற்றினேன். மற்றதை வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடி, டப்பாமேல் துணியையும் சுற்றினேன். கதவைத் திறந்தபோது மாமியார் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டு, "ஆச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வெளிச்சத்தில்தான் அவள் விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பல். நூல் இணைக்க உட்காரும் முன் வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். அவள் கை தன்பாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது. ஒரு தூசி விழுந்தால்கூட மூன்று நாள் வருந்துகிறவன் நான். டேங்கையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தை மாதம் என்பதால் மருந்தைக் குளிர்விக்க ஐஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை. பானைத் தண்ணீரே இருபத்து நான்கு டிகிரியில் இருந்தது. முதல் பாதிக்கு ஐந்தரை நிமிடம் கொடுத்தேன். வளையல் அடுக்கும் படங்கள் எல்லாம் நன்றாக வந்தன. ஜரிகையில் கோடு கோடாக வேலைப்பாடு தெரிந்தது. வெட்டு மட்டும் மூன்று துளை தள்ளி, இருபத்து நான்காவது படத்துக்குள் விழுந்திருந்தது. அதில் என் மனைவி முழுசாக இருந்தாள். நான் இடது தோளோடு நின்றுவிட்டேன். துளைகளை வெளிச்சத்தில் எண்ணினேன். சரியாக இருநூற்றுப் பத்தொன்பது. கேமராவில் சுருளைப் போடும்போது நான்தான் மூன்று துளை முன்னே பின்னே போட்டிருக்கிறேன். சாம்பல் படத்துக்குள் எங்கும் போகவில்லை. அவள் ஓரத்தை விட்டு விரலை நகர்த்தவே இல்லை. எட்டு துளைக்கு ஒரு முறை, ஓரத்தில் மட்டும் ஒரு மங்கலான தீற்றல் இருந்தது.

இரண்டாவது பாதிக்குப் பதினான்கு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை டேங்கை ஒரே ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்தினேன். மற்ற நேரமெல்லாம் முக்காலிமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போக் கரைசலிலிருந்து எடுத்து விளக்கில் பிடித்தபோது ஜடை ஒவ்வொரு மொட்டாகத் தெரிந்தது. வாசல் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருந்தது. ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் அழுத்திச் சொல்ல முடியாது.

பன்னிரண்டையும் சின்னதாகவே ஒரே தாளில் அச்சிட்டு அவளிடம் எடுத்துப்போனேன். பன்னிரண்டாவது படத்தைப் பெரிதாக்கலாம் என்பது என் எண்ணம். அதில், சாப்பிட வரச்சொல்லி யாரோ கூப்பிட, அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். அந்த ஒன்றில் மட்டும் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அழகாகவும் இருந்தாள். ஆனால் திரும்பியதால் ஜடை பாதிக்குமேல் மறைந்துவிட்டது. அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, ஏழாவதைக் காட்டினாள். அதில் ஜடை உச்சியிலிருந்து குஞ்சலம் வரை தெரிந்தது. முகம் நிழல்.

முகமே தெரியாத படத்தை எப்படி மாட்டுவது என்று வாதாடினேன். அவமானம் எனக்கு என்பதையும் சொன்னேன்.

"ஜடைக்குத்தாங்க இந்தப் படம். மூஞ்ச தெனமும்தான பாக்கிறீங்க, இன்னும் இன்னாத்துக்கு?"

ஏழாவதையே பெரிதாக்க உட்கார்ந்தேன். அச்சில் முகம் முழுக்கக் கருத்துவிடாமல் இருக்க, அதன் மேல் விழும் வெளிச்சத்தை ஒரு கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையால் மறைத்து மறைத்து அச்சிட்டேன். காகிதத்தை டெவலப்பர் தட்டில் போட்டதும் முதலில் அவள் தலைமுடி வந்தது, பிறகு புடவையின் மடிப்புகள், பீரோவின் விளிம்பு. கண்ணாடிக்குள் ஜடை வந்தது. ஜடைக்குப் பக்கத்தில், கண்ணாடியின் ஓரத்தில், இன்னொரு தலை வந்தது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பாதி முகத்தில் வெளிச்சம். ஒரு கையில் கரண்டி. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மகளின் ஜடையைப் பார்க்க வந்திருக்கிறார். மகள் அவருக்கு முதுகு காட்டி நின்றாள். நான் கேமராவுக்குள் இருந்தேன். பன்னிரண்டு படத்தில் ஒன்றில்தான் அவர் இருக்கிறார். ஆறாவதிலும் இல்லை, எட்டாவதிலும் இல்லை. மீட்டர் கண்ணாடியைப் பார்த்ததால் கண்ணாடிக்குள் இருந்ததெல்லாம் சரியான வெளிச்சத்தில் விழுந்திருந்தது. அந்தச் சுருளில் மிகச் சரியான எக்ஸ்போஷர் யாருக்கு என்று நோட்டில் எழுத வேண்டுமென்றால், அது அவருக்குத்தான்.

படம் காய்ந்ததும் எடுத்துப்போய்க் கூடத்தில் தறிப் பலகைமேல் வைத்தேன். என் மனைவி குனிந்து பார்த்தாள். முதலில் ஜடையை. பிறகு கண்ணாடியின் ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். தன்னைக் கண்டுகொண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத வெட்டிடுங்க மாப்ள. நல்லது நடக்கிற படத்துல நா இருக்கக்கூடாது. புள்ள இன்னும் பொறக்கக்கூட இல்ல."

அது முடியாத காரியம் இல்லை. கண்ணாடியின் ஓரத்தை விட்டுவிட்டு அச்சிட்டால் போதும். அல்லது அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து முழுக்கக் கருப்பாக்கிவிடலாம். பத்து விநாடி வேலை. அப்படியே செய்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

என் மனைவி படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"என் மூஞ்சிதான் இருட்டுல கெடக்குது. உன் மூஞ்சியாவது தெரியட்டும்மா."

மாமியார் மறுபடியும் வேண்டாம் என்றார். மூன்று அக்காக்களின் படங்களைக் காட்டி, அவற்றில் எல்லாம் இப்படியா இருக்கிறது என்று கேட்டார். அதிலெல்லாம் ஸ்டூடியோக்காரர் திரைச்சீலைதான் இருக்கிறது, எனக்கு அம்மா இருக்கிறாள் என்றாள் இவள். பிறகு இருவரும் கொஞ்சநேரம் படத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பேசினார்கள். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து, சரி, ஆனால் குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகுதான் மாட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். அதுவரை படம் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருந்தது.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பெயர் வைக்க எல்லோரும் வந்திருந்தபோது மாமியார் காலண்டரைக் கழற்றிவிட்டுப் படத்தைத் தானே மாட்டினார். மூத்த அக்கா நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, நான் அவ்வளவு நாளாக மருந்தும் தராசும் வைத்துக்கொண்டு எடுத்த படத்தில் பெண்டாட்டி இருட்டிலும் மாமியார் வெளிச்சத்திலும் இருப்பது நல்ல மாப்பிள்ளைக்கு அழகுதான் என்றார். கூடம் முழுக்கச் சிரித்தார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை. கையில் பேத்தியை வைத்துக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய், கண்ணாடியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் அவர் என்னிடம் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கரண்டியையாவது வெச்சிட்டு வந்திருப்பேன் மாப்ள."